பழைய ரயிலை ஓட்டலாம். மாதச் செலவை யார் கட்டுவது?

(நம் சங்கத்தின் சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது. நேரம் போதாமல் அன்று விட்டுப்போன சில விவரங்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.)



நான் இந்த மைக்கைப் பிடித்தால் பராமரிப்புக் கட்டண பாக்கியைப் பற்றித்தான் பேசுவேன் என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு அது இல்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்பேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நம் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு வீடியோ வந்தது. வெளிநாட்டில் ஏதோ ஒரு கிராமம். பச்சைப் புல்வெளி நடுவே ஒரு குட்டி நீராவி ரயில் புகை விட்டுக்கொண்டு போகிறது. மூடிக் கிடந்த பாதையை ஊர்க்காரர்களே மீட்டு ஓட்டுகிறார்களாம். அதன் கீழே நம் பி பிளாக் தம்பி ஒருவர், "நம்ம ஊரில் ஏன் சார் இது முடியாது?" என்று கேட்டிருந்தார். நாற்பது பேர் கைதட்டல் படம் போட்டீர்கள். பதில் யாரும் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருஷம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவனுக்குப் பதில் வராத கேள்வி உறுத்தும். அதனால்தான் செயலாளரிடம் இருபது நிமிடம் கேட்டு வாங்கினேன்.

முதலில் நம் ரயிலைப் பற்றி. நம்மில் பலர் வாரத்துக்கு ஒரு முறையாவது ஐயங்கார்குளத்திலிருந்து காஞ்சிபுரம் போய் ரயில் ஏறுகிறோம். அந்தப் பாதையின் வயது என்ன தெரியுமா? ராயபுரத்திலிருந்து அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது 1856-ல். அடுத்த ஒன்பதே வருஷத்தில், 1865-ல், அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு ரயில் வந்துவிட்டது. போட்டவர்கள் சென்னை ரயில்வே கம்பெனிக்காரர்கள் அல்ல. இந்தியன் டிராம்வே கம்பெனி என்று தனியாக ஒன்று. பெரிய பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே ஐந்தரை அடி இடைவெளி. இவர்கள் போட்டது மூன்றரை அடி. குறைந்த செலவில் சிறிய ஊர்களுக்கும் ரயில் கொண்டுபோகலாம் என்பது கணக்கு. அரக்கோணத்தில் வண்டி மாற வேண்டும், மூட்டையை இறக்கி ஏற்ற வேண்டும், அந்தச் சிரமம் இருந்தது. ஆனால் சுமார் 30 கிலோமீட்டர் பாதை அந்தக் காலத்தில் அந்தச் செலவில் வந்ததே பெரிய விஷயம்.

பிறகு அந்தக் கம்பெனி கர்னாடிக் ரயில்வே என்று பெயர் மாறியது. 1874-ல் தென்னிந்திய ரயில்வேயோடு சேர்ந்தது. 1878-ல் மூன்றரை அடிப் பாதையைப் பிரித்து மீட்டர் கேஜ் ஆக்கினார்கள். செங்கல்பட்டு வரை நீண்டது. நம் காலத்தில் அதையும் பிரித்து அகலப் பாதை போட்டு, மின்கம்பி இழுத்துவிட்டார்கள். அதாவது ஒரே மண்மேட்டின் மேல் மூன்று ரயில் பாதைகள், ஒன்றன்மேல் ஒன்றாக வந்து போயிருக்கின்றன. முதல் பாதையின் ஒரு ஆணிகூட நம் கண்ணில் படாது. நமக்கு ரயில் மிஞ்சியது, பழசு மிஞ்சவில்லை.

இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "ரயில் மீண்டும் வர வேண்டும்" என்பது ஒரு கோரிக்கை. "பழைய ரயிலை மீட்க வேண்டும்" என்பது வேறு கோரிக்கை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் இரண்டும் கிடைக்காது.

முதல் கோரிக்கைக்கு உதாரணம் மன்னார்குடி. நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்குப் போன சிறிய பாதையை 1976-ல் மூடினார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. 35 வருஷம் கழித்து 2011-ல் ரயில் திரும்பி வந்தது. இன்றைக்கு அங்கிருந்து சென்னைக்கு விரைவு ரயில் இருக்கிறது. அருமை. ஆனால் அது புது ரயில், புது அகலப் பாதை, புது ஸ்டேஷன். யாரும் அதைப் பாரம்பரியம் என்று பார்க்கப் போவதில்லை, பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

இன்னும் திரும்பாத பாதை ஒன்றை நானே தேடிப் போனேன். என் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போயிருந்தோம். உங்களில் பாதிப் பேர் போயிருப்பீர்கள், மீதிப் பேர் போகப் போகிறீர்கள். மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் வழியாகத் தரங்கம்பாடி வரை 1926-ல் மீட்டர் கேஜ் ரயில் விட்டார்கள். சுமார் 30 கிலோமீட்டர், கிட்டத்தட்ட நம் அரக்கோணம் – காஞ்சிபுரம் தூரம்தான். ஊர்களின் பெயரைக் கேட்டீர்களா? அபிராமி அம்மன் கோயில் ஒரு ஸ்டேஷன். வள்ளியம்மையின் தில்லையாடி ஒரு ஸ்டேஷன். கடைசி ஸ்டேஷனில் இறங்கினால் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையும் கடலும். சுற்றுலாவுக்கென்றே போட்ட பாதை மாதிரி இருக்கிறது! அறுபது வருஷம் ஓடி 1986-ல் நின்றது. பஸ் வந்துவிட்டது, வருமானம் இல்லை என்றார்கள். அதை மீண்டும் கொண்டுவரக் கோரிக்கை இன்றும் தொடர்கிறது.

ஹோமம், அபிஷேகம் எல்லாம் முடிந்த பிறகு, மாலையைக் கழற்றிவிட்டு, வேட்டியோடு ஒரு ஆட்டோ பிடித்து, "பழைய ரயில் ஸ்டேஷன் எங்கேப்பா?" என்றேன். ஆட்டோக்காரத் தம்பிக்குத் தெரியவில்லை. டீக்கடையில் இருந்த பெரியவர் ஒருவர் கையை நீட்டி, "அதோ அந்த மேடு போவுது பாருங்க, அதுதான் லைனு. எங்கப்பா அதுலதான் நெல்லு மூட்டை ஏத்துவாரு" என்றார். மேடு தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. என் வீட்டம்மா, "கல்யாண நாளும் அதுவுமாக மண்மேட்டைப் பார்க்க வந்தோமா?" என்றார். நியாயமான கேள்விதான்.

இப்போது வீடியோவுக்கு வருகிறேன். அதில் காட்டியது டாலிலின் ரயில், பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் இருக்கிறது. ஒரு வேடிக்கை பாருங்கள், அந்தப் பாதையும் 1865-ஐச் சேர்ந்தது, நம் காஞ்சிபுரம் பாதையின் ஜோடி. டைவின் என்ற கடலோர ஊரிலிருந்து மலைக்குள் ஏழு மைல் சொச்சம். தண்டவாள இடைவெளி இரண்டே கால் அடி. கூரைக்குப் போடும் ஸ்லேட் கல்லைச் சுரங்கத்திலிருந்து இறக்கத்தான் ரயில் போட்டார்கள், வழியில் இருக்கிற கிராமத்து ஜனங்களும் ஏறிக்கொண்டார்கள்.

அதன் சொந்தக்காரர் ஹெய்டன் ஜோன்ஸ், அந்தத் தொகுதியின் எம்.பி.யாகவும் இருந்தவர். 1946-ல் சுரங்கம் மூடியது. சரக்கு போய்விட்டது. "நான் உயிரோடு இருக்கும் வரை ரயில் ஓடும்" என்று சொல்லி நஷ்டத்திலேயே ஓட்டினார். 1948-ல் பிரிட்டன் ரயில்களை எல்லாம் அரசுடைமை ஆக்கியபோது இந்தச் சின்ன ரயிலின் பெயர் பட்டியலில் இல்லை. அதுதான் அதிர்ஷ்டம். பட்டியலில் சேர்ந்திருந்தால் அரசாங்கம் அடுத்த வருஷமே மூடியிருக்கும் என்பது என் கணிப்பு.

1950-ல் ஜோன்ஸ் இறந்துபோனார். அந்த அக்டோபரில் டாம் ரோல்ட் என்ற எழுத்தாளர் முன்கை எடுத்து பர்மிங்காமில் ஒரு கூட்டம் போட்டார். நாம் இப்போது உட்கார்ந்திருக்கிற மாதிரிக் கூட்டம்தான். சங்கம் அமைத்தார்கள். சந்தா வசூலித்தார்கள். ஜோன்ஸின் மனைவி ஒத்துழைத்தார். 1951 மே 14-ம் தேதி சங்கத்தின் முதல் ரயில் ஓடியது. தன்னார்வலர்கள் மீட்டு ஓட்டிய உலகத்தின் முதல் ரயில் பாதை அதுதான்.

கேட்க இனிமையாக இருக்கிறது. உள்ளே இறங்கிப் பார்த்தால் வேறு மாதிரி. தண்டவாளம் தேய்ந்து, கட்டை உளுத்து, பல இடங்களில் புல்வேர்தான் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆரம்பத்திலிருந்தே இருந்த இரண்டு இன்ஜின்களில் ஒன்றுதான் ஓடும் நிலையில். பக்கத்தில் மூடிப்போன இன்னொரு ரயிலின் இரண்டு இன்ஜின்களைத் தலா 25 பவுண்டுக்கு வாங்கினார்கள். கிட்டத்தட்ட எடைக்குப் போடுகிற விலை. விடுமுறை நாளில் வந்து மண்வெட்டி பிடித்தவர்கள் ஆசிரியர்கள், பொறியாளர்கள், நம்மைப் போன்ற குமாஸ்தாக்கள். உங்கள் பேரன் பேத்திகள் பார்க்கிற தாமஸ் ரயில் இன்ஜின் கதைகளை எழுதிய பாதிரியார் ஆட்ரியும் அங்கே வந்து கார்டு வேலை பார்த்தார். ஒருநாள் சிற்றுண்டி விற்கிற அம்மாவை ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டுப் பச்சைக் கொடி காட்டிவிட்டாராம். திட்டு வாங்கியதைக் கதையாகவும் எழுதிவிட்டார். இலவச வேலைக்கு ஆள் வைத்தால் இப்படியும் நடக்கும்.

எழுபது வருஷத்துக்கு மேல் அதே சங்கம் அதை ஓட்டுகிறது. 2021-ல் வேல்ஸின் ஸ்லேட் சுரங்கப் பகுதிகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது இந்த ரயிலும் அதில் சேர்ந்தது. எழுபது வருஷம் சந்தா கட்டிய பிறகு வந்த பட்டம் அது. பட்டம் வந்த பிறகு சந்தா கட்டத் தொடங்கவில்லை. நான் அடிக்கோடு போட விரும்புவது இந்த வரியைத்தான்.

நம்மிடம் இந்தப் பழக்கமே இல்லை என்று நினைக்காதீர்கள். பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் ஜில்லா போர்டு என்ன செய்தது தெரியுமா? நிலவரியோடு கூடுதலாக ஒரு சிறிய தீர்வை வசூலித்துச் சேர்த்தது, ரயில் போடுவதற்கென்றே. அந்தப் பணத்தில்தான் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894-ல் ரயில் வந்தது. ஓட்டுகிற பொறுப்பு தென்னிந்திய ரயில்வேக்கு, சொத்து ஜில்லா போர்டுக்கு. விவசாயி காசு கொடுத்து வாங்கிய ரயில்! அந்தப் பாதையில் திருவாரூரிலிருந்து முத்துப்பேட்டை வழியாகப் போகிற பகுதி அகலப் பாதையாக மாறி, 2019-ல் மறுபடி காரைக்குடி வரை ரயில் ஓடத் தொடங்கியது.

நாம் லிஃப்ட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் மாதாமாதம் கட்டுகிறோமே, அதே முறை. இந்த இடத்தில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டதை அன்று மேடையிலிருந்து பார்த்தேன். பாக்கிப் பட்டியல் என்னிடம் இருக்கிறது, கவலை வேண்டாம், இதில் போடவில்லை.

மாறாக, யாரும் செலவு செய்ய முன்வராத ரயில் என்ன ஆகும்? மூணாறில் 1902-ல் தேயிலை கொண்டுபோக ஒற்றைத் தண்டவாள ரயில் ஒன்று போட்டார்கள். மாடு இழுத்தது. 1908-ல் அதை இரண்டடிப் பாதையாக்கி நீராவி இன்ஜின் விட்டார்கள். குண்டளப் பள்ளத்தாக்கு ரயில் என்று பெயர். டாப் ஸ்டேஷன் வரை போகும். அங்கிருந்து கயிற்றுப் பாதையில் தேயிலைப் பெட்டி நம் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வழியாகப் போகும். 1924 வெள்ளம் பாதையைத் துடைத்துவிட்டது. திரும்பப் போடுவது கட்டுப்படியாகவில்லை. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது. செல்ஃபி எடுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது ரயில் ஸ்டேஷன் என்று தெரியும்? அந்த ரயிலை மீண்டும் விடலாமா என்று சில வருஷங்களுக்கு முன் கேரளாவில் பேச்சு எழுந்தது. பேச்சுக்குச் செலவில்லை.

நீலகிரி ரயில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-ல், ஊட்டி வரை 1908-ல். 2005-ல் யுனெஸ்கோ பட்டம். பல்சக்கரம் பிடித்து ஏறுகிற அந்த இன்ஜினுக்கு உதிரி பாகம் கடையில் கிடைக்காது. பொன்மலைப் பணிமனையிலேயே புதிய நீராவி இன்ஜின்களைச் செய்திருக்கிறார்கள். அத்தனையும் இந்திய ரயில்வே என்கிற பெரிய வீட்டின் தயவில் நடக்கிறது. மற்ற பாதைகளின் வருமானம் அதைத் தாங்குகிறது. ஒரு கிராமச் சங்கத்தால் ஆகிற காரியம் இல்லை.

ஆக, தம்பி கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். நாம் ஒரு நீராவி ரயிலை ஓட்ட முடியாது. நிலம் ரயில்வேயுடையது. பொதுமக்களை ஏற்றுகிற எந்தப் புதுப் பாதைக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து பார்த்து ஒப்புதல் தர வேண்டும். பாய்லரைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பிரித்துச் சோதிக்க வேண்டும். கட்டை மாற்ற வேண்டும், கேட்டில் ஆள் வேண்டும், காப்பீடு வேண்டும். போன வருஷம் நம் லிஃப்ட் கயிறு மாற்றுவதற்கு மூன்று கூட்டம் போட்டோம். அதில் ஒன்று கோரம் இல்லாமல் கலைந்தது.

ஆனால் "முடியாது" என்பதோடு நிறுத்த மனசில்லை. காரணம், நம் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. இதற்கும் ரயிலுக்கும் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். நடவாவிக் கிணறு. படியிறங்கிப் போனால் தூண் மண்டபம், மண்டபத்துக்குள் கிணறு. தாதாச்சாரியார் காலத்துப் பெரிய ஏரியும் சஞ்சீவிராயர் கோயிலும் பக்கத்தில். வருஷம் பூராவும் மண்டபம் தண்ணீருக்குள் கிடக்கும். சித்ரா பௌர்ணமி வந்தால் தண்ணீரை இறைத்து, படியைக் கழுவி, மண்டபத்தைச் சுத்தம் செய்வார்கள். காஞ்சி வரதர் உள்ளே இறங்கி வலம் வருவார். நீங்களும் வரிசையில் நின்று பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு நாள் வேலை இருப்பதால்தான் அந்தக் கிணறு இன்றும் கிணறாக இருக்கிறது. அதற்கு வருஷத்தில் ஒரு தேதி இருக்கிறது, அந்தத் தேதிக்குப் பொறுப்பேற்க ஆட்கள் இருக்கிறார்கள். இல்லாவிட்டால் இந்நேரம் குப்பை கொட்டி மூடியிருப்போம். எத்தனை குளங்களை அப்படி மூடியிருக்கிறோம்!

ரயிலிலும் இப்படி ஒன்று உண்டு. 1855-ல் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் செய்த ஒரு இன்ஜினைப் பெரம்பூர் லோகோ பணிமனையில் பழுது பார்த்து ஓடவிட்டார்கள். இ.ஐ.ஆர். 21 என்று பெயர். தினமும் ஓடாது. சுதந்திர தினம் மாதிரி விசேஷ நாளில் சென்னையில் கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு ஓட்டத்துக்காக அதை எண்ணெய் போட்டு வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே நாம் செய்யக்கூடிய அளவில் ஒன்று சொல்கிறேன். அதற்கு முன் என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். என் சித்தப்பா இந்தப் பாதையில் மீட்டர் கேஜ் காலத்தில் கேட் கீப்பராக இருந்தவர். அவர் ஓய்வு பெற்ற பிறகு சிவப்பு, பச்சைக் கண்ணாடி திரும்புகிற கைவிளக்கு ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. நாங்கள் குழந்தையாக இருந்தபோது அதைத் திருப்பித் திருப்பி ரயில் விளையாட்டு ஆடுவோம். வீடு மாறும்போது பழைய பித்தளைப் பாத்திரத்தோடு அதையும் எடைக்குப் போட்டேன். எவ்வளவு கிடைத்தது என்று ஞாபகம் இல்லை. வங்கியில் ஐந்து பைசா வித்தியாசத்துக்கு ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்து தேடியவன் நான். இதற்கு ஒரு பதிவும் வைக்கவில்லை.

இப்போது என்னிடம் மிச்சம் இருப்பது ஒரு அட்டை டிக்கெட். காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு, இரண்டாம் வகுப்பு. கெட்டியான சின்ன அட்டை, தேதி அச்சு குத்தியது. கணினி டிக்கெட் வந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அதைக் காட்டினால் கேரம் போர்டு சமாச்சாரமா என்று கேட்கிறார்கள்.

என் கோரிக்கை இதுதான். உங்கள் வீட்டில், சொந்த ஊர் வீட்டில், மாமனார் வீட்டுப் பரணில் இந்தப் பாதையைச் சேர்ந்தது எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். அட்டை டிக்கெட், சீசன் பாஸ், ஸ்டேஷனில் எடுத்த கல்யாண ஊர்வலப் படம், ரயில்வே முத்திரை போட்ட பூட்டு, பழைய கால அட்டவணை, எதுவானாலும் சரி. பொருளைச் சங்கம் வாங்கிக்கொள்ளாது. படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம். யார் கொடுத்தது, எந்த வருஷம், எந்த ஸ்டேஷன் என்று நான் ஒரு பதிவேடு போடுகிறேன். கட்டம் போட்ட லெட்ஜர் ஏற்கெனவே வாங்கிவிட்டேன், அது என் செலவு.

இரண்டாவது, வாலாஜாபாத், காஞ்சிபுரம், அரக்கோணம் பகுதியில் மீட்டர் கேஜ் காலத்தில் வேலை பார்த்த உறவினர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பாயிண்ட்ஸ்மேன், கேங்மேன், பார்சல் ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் இப்போது எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். சி பிளாக் கல்லூரிப் பிள்ளைகள் இருவர் செல்போனில் பதிவு செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி இருந்தது, எங்கே வண்டி நின்று எதிர் வண்டிக்கு வழிவிடும், விதைப்பு காலத்தில் என்ன மூட்டை போனது, இதெல்லாம் அவர்கள் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது.

மூன்றாவதுதான் கொஞ்சம் கஷ்டம். சேர்ந்ததை வருஷத்துக்கு ஒரு நாள், நம் சமுதாயக் கூடத்தில் வெளியே எடுத்து வைக்க வேண்டும். தேதியை இன்றே குறித்துவிடுவோம். சித்ரா பௌர்ணமிக்கு முந்தின ஞாயிறு என்றால் வெளியூர் உறவினர்களும் நடவாவி பார்க்க வந்திருப்பார்கள். மேஜைக்கும் டீக்கும் ஆகிற செலவைப் பராமரிப்புக் கணக்கில் போட முடியாது, தணிக்கையாளர் ஒத்துக்கொள்ள மாட்டார். தனியாக ஒரு உண்டியல் வைக்கிறேன். வீட்டுக்கு இவ்வளவு என்று நான் சொல்லப் போவதில்லை.

லெட்ஜரின் முதல் பக்கத்தில் முதல் வரி எழுதியாகிவிட்டது: அட்டை டிக்கெட் ஒன்று, காஞ்சிபுரம் – செங்கல்பட்டு. இரண்டாவது வரி காலியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து சங்க அறையில் இருப்பேன்.